துரை தோற்ற பரீட்சை

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் துரை. வயது நாலு. "துரை கண்ணுக்கு நாமெல்லாம் எங்க தெரியப்போறோம்!" என்று அப்பன்காரன் கேலி செய்வான். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சலவைக்கடையில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவளுக்குக் கத்தத் தெம்பு ஏது? தோளைத் தொட்டுக் கையைக் காட்டிச் சொன்னால் பிள்ளை சொன்னதைச் செய்தான். அவளுக்கு அது போதும்.

மழலையர் பள்ளி டீச்சருக்குத்தான் அது போதவில்லை. ஒருநாள் மாலை பிள்ளையை அழைக்க வந்தவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இவன் பின்னால நின்னு கை தட்டிப் பாத்தேங்க. திரும்பவே இல்ல. பேச்சும் இன்னும் சரியா வரல. சுகாதார மையத்துல காதப் பாத்துடலாம், காசு கிடையாது. நானே பேசி நாள் வாங்கித் தர்றேன்."

அம்மா தலையை ஆட்டி வைத்தாள். உள்ளுக்குள் பயம்தான். வீட்டுக்கு வந்ததும் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். மனிதர் எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினார்.

"இது புரியலையா உனக்கு? அங்க திருதிருன்னு முழிச்சான்னு வை, வேற ஸ்கூல் பாத்துக்கன்னு அனுப்பிடுவாங்க. இந்த இடம் கிடைக்கவே நாய்படாத பாடு பட்டோம். எப்படியாவது தேத்தி விட்டுரு."

காது எப்படித் தேறும், எதற்காகத் தேற வேண்டும், இதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சரின் முகத்தை நினைத்தால் நல்லவளாகத்தான் தெரிந்தாள். புருஷன் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

சுகாதார மையத்தில் சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. காதுகளை மூடும் கருவியைத் துரை பிடுங்கிப் பிடுங்கி எறிந்ததால், சுவரில் இருந்த ஸ்பீக்கரிலேயே சத்தம் வரவைத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை டப்பாவுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்; போட்டும் காட்டினார்கள். பரிசோதிக்கிற அம்மணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார். துரை அம்மாவின் மடியில்.

முதல் சத்தம் வந்தது. துரை கட்டையை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். புருஷன் சொன்னது அம்மாவுக்கு நினைவு வந்தது. அடுத்த சத்தத்துக்கு அவன் தொடையை லேசாக அழுத்தினாள். துரை சமர்த்தாகக் கட்டையைப் போட்டான். அதற்கப்புறம் ஒன்றுகூடத் தவறவில்லை.

"காது நல்லாத்தான் இருக்கு," என்று அம்மணி சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் டீச்சர் அதைக் கேட்டுப் பேந்தப் பேந்த விழித்தாள். "எப்படிங்க? முந்தாநாள்கூட மேசைய இழுத்த சத்தத்துக்கு எல்லாப் புள்ளைங்களும் திரும்புச்சு, இவன் மட்டும் திரும்பல. அங்க எங்க உக்காந்திருந்தான்?"

"என் மடியிலதான் டீச்சர். புது இடம் பாருங்க, புள்ள மிரண்டு போயிட்டான். சத்தம் வர்றப்போ நான்தான் அழுத்தி அழுத்திச் சொல்லிக் குடுத்தேன்." பெருமையாகவே சொன்னாள்.

டீச்சர் தலையில் கை வைத்து அங்கிருந்த குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் கேக்கலன்னு காட்டினாத்தாங்க காது மெஷின் குடுப்பாங்க, பேச்சுப் பயிற்சிக்குச் சேப்பாங்க!"

"கேக்கலன்னா ஸ்கூல விட்டுத் தூக்கிட மாட்டீங்களா?"

"யாரு சொன்னா? இங்கதான் இருப்பான். என் கிளாஸ்லதான் இருப்பான்."

தோற்றால்தான் கிடைக்கும் என்றால் இது என்ன பரீட்சை? அம்மாவுக்குப் பிடிபடவில்லை. டீச்சர் அவள் எதிரிலேயே மையத்துக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள், திட்டையும் தானே வாங்கிக்கொண்டாள், இன்னொரு நாளும் வாங்கினாள். "இந்தத் தடவ நானும் கூட வர்றேன்," என்றாள்.

அன்று துரையைத் தனி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்மாவும் டீச்சரும் அவனுக்குப் பின்னால். சத்தம் வந்தது. துரை அசையவில்லை. இன்னும் பலமாக வந்தது. அவன் கட்டையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அம்மாவின் கை தானாக எழுந்தது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சத்தத்தில் அம்மாவே திடுக்கிட்டாள். பிள்ளையின் பின்னங்கழுத்து அசையாமல் இருந்தது.

இத்தனை நாள் திமிர் என்று சிரித்தோமே என்று அம்மா நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் துரை, அடுத்து என்ன செய்ய என்பது போலத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

அம்மணி கதவைத் திறந்து வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"அவனுக்குக் கேக்கலைங்க. ஒண்ணுகூடக் கேக்கல. எனக்குத்தான் கேட்டுச்சு," என்றாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "மெஷினுக்கு எங்க போகணும் டீச்சர்? இப்பவே கூட்டிட்டுப் போங்க."