சுண்டுவிரல் பலம்

“மெதுவா தொட்டா அதுக்குத் தெரியுமாம்மா?”

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி அது. மின்னிசைக் கருவிகளுக்குத் தொடுபட்டைகள் செய்து கொடுப்பது அம்மாவின் தொழில். அதுவரை அவள் செய்தவை தொட்டால் ஒலிக்கும், விட்டால் நிற்கும். தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். அந்த வாரம் முழுக்க அம்மா சாப்பாட்டு மேசையை யாருக்கும் விடவில்லை. இரண்டு செப்புத் தகடுகள், நடுவே ஐசி சில்லுகளைப் பொதிந்து அனுப்பும் கறுப்பு ஸ்பாஞ்சு. அழுத்த அழுத்த அதில் மின்சாரம் கூடுதலாகப் பாயும், ஒலி பெருகும். மகளின் சுண்டுவிரலை அதன்மேல் வைத்து, “இப்பத் தெரியும், பாரு” என்றாள். மெல்லிய முனகல் எழுந்தது. பிறகு எந்தப் பட்டையும் அந்தச் சுண்டுவிரல் தொட்டுப் பார்க்காமல் வீட்டை விட்டுப் போனதில்லை.

இப்போது அந்த மகள் அம்மாவின் கண்ணாடியையும் சீப்பையும் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கீழே பிணவறைக்குக் கொண்டுபோய் அரை மணி நேரமாகியிருந்தது.

வார்டு மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். “மனசைத் தேத்திக்கங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா உடம்பைக் கொடுத்துருவோம்.”

‘மூச்சுத் திணறியபோது நோயாளி அழைப்பு மணியை அழுத்தவில்லை’ என்றிருந்தது.

“அழுத்தினாங்க” என்றது பக்கத்துப் படுக்கை. விரல் மூட்டுகள் எல்லாம் முடங்கிப்போன ஒரு பெரியம்மா. “நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். மணி அடிக்கல. என் விரலுக்கும் அது அடிக்காது, டம்ளரைத் தட்டிக் கீழ விட்டேன். அதுக்கப்புறந்தான் ஓடியாந்தாங்க. வந்ததும் எனக்குத்தான் முதல் திட்டு.”

“நீங்க படுங்கம்மா” என்றார் மேற்பார்வையாளர்.

“படுத்துத்தான இருக்கேன். கடவுளு மனசுல நெனச்சாலே கேட்டுக்கிறாரு. உங்க மணிக்குக் கட்டைவிரல் பலம் வேணும்.”

மகள் அம்மாவின் தலையணைக்கருகே தொங்கிய மணியைக் கையில் எடுத்தாள். சேர்த்த அன்றே அம்மா அதை அழுத்திப் பார்த்துவிட்டு, “யாருடி இதைப் பண்ணது, கல்லு உடைக்கிறவனா? நர்ஸுகிட்ட சொல்லு” என்று சிரித்தாள். நாளைக்குச் சொல்றேம்மா என்று இவள் சொன்னாள். நாலு நாளாக அதையேதான் சொன்னாள்.

“சார், சுண்டுவிரலால அழுத்துங்க.”

“எதுக்கு?”

“அழுத்துங்க.”

அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். மணி பேசவில்லை.

“சுண்டுவிரலால யாரும்மா அழுத்துவாங்க?”

“எங்கம்மாகிட்ட கடைசியா மிச்சமிருந்த பலம் அவ்வளவுதான். அந்தப் பலத்துக்குக் கேக்காத மணிய எதுக்கு சார் நோயாளி பக்கத்துல தொங்க விடறீங்க? அழகுக்கா?”

அவர் தாளைப் பார்த்தார். அவள் அந்த வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: ‘அழைத்தார். மணி அடிக்கவில்லை.’ பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மகள் குனிந்து, கட்டிலுக்கடியில் கிடந்த டம்ளரை எடுத்து வைத்தாள். விளிம்பு நசுங்கியிருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். பெரியம்மா வேண்டாமென்று கையை லேசாக அசைத்தார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், பார்வையாளர் நேரமான மதியம் மூன்று மணிக்கு அவள் மறுபடி வந்தாள். வார்டு அசந்து கிடந்தது. அம்மா இருந்த கட்டிலில் புது விரிப்பு. பெரியம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைமாட்டிலும் அதே மாதிரி மணிதான் தொங்கியது.

பையிலிருந்து அம்மா கடைசியாகச் செய்த பட்டையை எடுத்தாள். அதோடு தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியை நேற்று அவளே இணைத்திருந்தாள். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன ரிலே; பட்டையை லேசாகத் தொட்டாலே அது பொத்தானுக்குப் பதிலாக இணைப்பைக் கொடுக்கும். மணியின் மூடியைக் கழற்றி, பழைய பொத்தானின் இரண்டு முனைகளிலும் ஒயர்களைச் சேர்த்து முறுக்கினாள். இரண்டாவது முறைதான் திருகு பிடித்தது. பட்டையைத் துணியில் சுற்றி, பெரியம்மாவின் முடங்கிய விரல்களுக்கு எட்டும் இடத்தில், படுக்கை விரிப்போடு சேர்த்துத் தைத்தாள். நசுங்கிய டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

பிறகு தன் சுண்டுவிரலைப் பட்டைமேல் வைத்தாள்.

வெளியே மணி ஒலித்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. தாழ்வாரத்தில் யாரோ வேகமாக வரும் செருப்புச் சத்தம்.

அவள் மறுபக்கப் படிக்கட்டில் இறங்கினாள்.