பேச வரும் வேகம்

அம்மாவின் காலில் வெள்ளை சாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தாள் எஸ்தர். குதிகாலில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. குனிந்து இழுத்தபோதுதான் வாசலில் புர்கா அணிந்த ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். குப்பத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை.

"நீதான் எஸ்தரா? நான் அஃப்சருன்னிசா. மீர்சாகிப்பேட்டை. உங்கம்மா கூட தெனம் நடக்கறவ."

அம்மா நடக்கப் போவது எஸ்தருக்குத் தெரியும். கூட ஒருவர் வருவது தெரியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால், மீன் விற்றுக்கொண்டிருந்த இடத்திலேயே அம்மா அந்தோணியம்மாள் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது, நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் நாடியை எண்ண வேண்டாம் என்றாள். சாப்பிடும் மாத்திரை துடிப்பை ஏற விடாதாம். "நடக்கறப்போ பேச வரணும், பாட வரக்கூடாது. பாட வந்தா வேகம் பத்தல. பேசவே மூச்சு வாங்குனா வேகம் ஜாஸ்தி. அவ்ளோதான் கணக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை போனில் எஸ்தர்தான் சொன்னாள்: "இன்னாம்மா, ஊந்துகினு போறியாமே? கொஞ்சம் வேகமா நட." நேற்றுக் காலை நடந்துவிட்டு வந்த அம்மா, செருப்பைக் கழற்றும்போதே சுவரில் சரிந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. போனில் சொன்னதை எஸ்தர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அஃப்சருன்னிசாவை உள்ளறைக்கு அழைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, நேத்து அம்மா வேகமா நடந்துச்சா?"

அவர் யோசித்தார். "எப்பவும் போலதான்."

"பேசிச்சா? மூச்சு வாங்காம?"

"பேசினாளாவா!" சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கூடத்தை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "லைட் ஹவுஸ்ல ஆரம்பிச்சவ பட்டினப்பாக்கம் வரைக்கும் விடல. மீன் கொழம்புல நான் தேங்கா போடறேன்னு சண்டை. எனக்குத்தாம்மா மூச்சு வாங்குச்சு. நடுவுல ரெண்டு தடவ பாடி வேற பாத்தா."

"அம்மாவா? பாட்டா?"

சர்ச் பூசையில் எல்லோரும் பாடும்போதுகூட வாயைத் திறக்காதவள் அம்மா.

"தெனம் பாடுவா. பாட வரக்கூடாதாமே, செக் பண்றேம்பா. ரெண்டு வரி வரும். மூணாவதுல மூச்சு நிக்கும். 'பாஸ்'னு கையத் தட்டுவா."

"நேத்து?"

"நேத்தும் ரெண்டு வரிதான்."

எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னா பாட்டு ஆன்ட்டி?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க கோயில் பாட்டு. எனக்கு வார்த்த வராது. ராகம் மட்டும் வரும்." தயங்கினார். "சாவு வூட்ல எப்படிம்மா பாடறது..."

கூடத்திலிருந்து குரல் வந்தது. "எஸ்தரு, ஃபாதர் வந்துட்டாரு!"

"தோ வரேன்" என்று சொல்லி, எழுந்து கதவை உள்ளிருந்தே சாத்தினாள். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, பாட்டைக் கேட்க அஃப்சருன்னிசாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.