ஒரு தடவைகூட எழுந்திருக்காத படம்

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தம்பி வீட்டுக்குப் போவது அக்காவுக்கு வாரத்தின் ஏழாவது வேலை. நான்கு மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், இந்த வாரம் வராமல் இருந்திருக்கலாமே என்று தோன்றும். அவளை விட்டால் அவனிடம் பேச ஆளில்லை என்பதும் கூடவே ஞாபகம் வரும். அன்றும் அப்படித்தான் ஏறி, தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள்.

தம்பி சோபாவில் கால் நீட்டிக் கிடந்தான். ஐம்பத்தாறு வயது. மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடம். முப்பது வருடம் தகடு வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, போன வருடம் அடியோடு போய்விட்டது. தொழிற்சாலையில் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. முதுகு வலி என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டான். செவிடன் என்று பேர் எடுப்பதைவிட முதுகு ஒடிந்தவன் என்று பேர் எடுப்பது மேல் என்பது அவன் கட்சி. டாக்டரை விட்டால் விஷயம் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். சொல்ல வேண்டியதை அவள் ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவாள். அவன் வாயால் பதில் சொல்வான், கீழ் வீட்டுக்கும் கேட்கும்படி.

அவனுக்கு மிச்சமிருந்தது சினிமா. திரையின் அடியில் ஓடும் எழுத்தை வாசித்தே நாளுக்கு ஒரு படம் பார்த்துவிடுவான். அந்த எழுத்தை எழுதுவதுதான் அக்காவின் பிழைப்பு. காது கேளாதவர்களுக்காக, யார் என்ன பேசுகிறார்கள், எங்கே கதவு கிறீச்சிடுகிறது, எங்கே இடி இடிக்கிறது என்று வினாடி பிசகாமல் எழுதிச் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு மூன்று படம். எதெல்லாம் தான் எழுதியது என்று மட்டும் அவனிடம் மூச்சு விட மாட்டாள். தெரிந்தால் அக்காவாயிற்றே என்று தாட்சண்யம் பார்த்துப் பொய் சொல்வான்.

படத்துக்கு மார்க் போட அவனுக்கென்று ஒரு முறை உண்டு. பார்க்கும்போது எத்தனை தடவை எழுந்தான் என்பதுதான் அளவு. அது ஸ்பேனர் கண்டுபிடித்த முறை. ஸ்பேனர் தம்பியோடு ஒரே இயந்திரத்தில் வேலை பார்த்தவன்; பின்பாக்கெட்டில் ஸ்பேனர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகாததால் அந்தப் பேர். இருபது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் தியேட்டருக்குப் போனார்கள். எத்தனை தடவை டீக்காக வெளியே எழுந்து போகிறார்களோ, படம் அத்தனைக்கு மட்டம்.

இந்த வாரம் ஆறு படம் என்று தம்பி ஆரம்பித்தான். ராஜா காலத்துச் சண்டைப் படத்தில் பத்தாயிரம் பேர் வெட்டிக்கொண்டும் ஒருத்தன் சட்டையிலும் அழுக்கில்லை. நாலு தடவை எழுந்தானாம். காதல் படத்தில் இரண்டு பேரில் ஒருத்தர் ஒரு போன் போட்டிருந்தால் இடைவேளையிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம், மூன்று. துப்பறியும் படத்தில் கொலைகாரனை அவன் மீசையிலேயே கண்டுபிடித்துவிட்டான். ஐந்து, கடைசித் தடவை எழுந்தவன் திரும்பி வரவேயில்லை. சிரிப்புப் படம் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனதால் அது கணக்கில் சேராது. பேய்ப் படத்தில் பேயைவிட, கீழே ‘பயமுறுத்தும் இசை’ என்று போட்டது நல்ல தமாஷாம். அதை எழுதியவள் அக்காதான். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். முந்தைய நாள் முழுக்க ஒரு கார் துரத்தலுக்கு எழுதியதில் காதில் இன்னும் டயர் தேய்ந்துகொண்டிருந்தது.

ஆறாவது படத்துக்கு வந்ததும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு தபால்காரியின் கதை. அவளைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. இரண்டு மணி நேரம் அவ்வளவுதான்.

“ஒரு தடவைகூட எழுந்திருக்கலக்கா,” என்றான். “வேற படமா இருந்தா கடைசியில எவனாவது ஓடி வந்து கட்டிப் புடிச்சிருப்பான். இதுல அவ உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே இருக்கா. கீழ ‘அமைதி’ன்னு போட்டு முடிச்சுட்டான். எழுதினவன் விஷயம் தெரிஞ்சவன். இருபது வருஷம் கூடவே சுத்தினவனே எட்டிப் பாக்கல. இதான் நிஜம்.”

அதுவும் அவள் எழுதியதுதான். வெட்கமில்லாமல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் அவளை விஷயம் தெரிந்தவள் என்று சொன்னதில்லை.

கடைசிக் காட்சியை நீயும் பார் என்று தம்பி போட்டுக் காட்டினான். சத்தம் மெலிதாகத்தான் வரும். கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு ஒலியைக் குறைத்து, ரிமோட்டில் அந்தப் பொத்தானின் மேல் காகிதம் ஒட்டி வைத்தவளே அவள்தான். தபால்காரி கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பழம் உரித்தாள்.

டக், டக், டக்.

அக்கா எழுந்து போய் வாசற்கதவைத் திறந்தாள். வெளியே யாருமில்லை. படிக்கட்டில் வெயில் மட்டும் விழுந்து கிடந்தது. மேல் படி, கீழ்ப் படி இரண்டையும் எட்டிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் டக், டக், டக் என்றது. திரும்பினாள். தபால்காரி இன்னும் உரித்துக்கொண்டிருந்தாள். அடியில் ‘அமைதி’ என்று நின்றது.

தட்டும் சத்தம் படத்துக்குள்ளிருந்துதான் வந்தது. இதை எழுதிய வாரத்தில் இது மூன்றாவது படம். காது வலி தாங்காமல், கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, திரையைப் பார்த்தே எழுதி அனுப்பியிருந்தாள். ஒருத்தி சும்மா உட்கார்ந்து பழம் உரிக்கிறாள், அதில் என்ன சத்தம் வந்துவிடப் போகிறது?

அதைவிட மோசமான ஒன்று அந்த வாசலில் நிற்கும்போதே ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் ஸ்பேனர் அவளைப் பிடித்துக்கொண்டு பொருமினான். “நாலு தடவை போனேன்கா. உள்ள டிவி ஓடுது. தட்டித் தட்டிக் கை வலிச்சதுதான் மிச்சம். நான் வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகட்டுமே.” தம்பி ஆள் யாரென்று பார்த்துவிட்டு வீம்புக்குத் திறக்காமல் இருந்திருப்பான் என்று அவள் நினைத்தாள்; தட்டுவதே அவனுக்குக் கேட்காது என்பது அப்போது தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். இரண்டு கிழவர்களின் ஊடலுக்குப் பஞ்சாயத்து பண்ண அவளுக்குத் தெம்பில்லை. அழைப்பு மணியை, எதற்குத் தண்டத்துக்கு என்று தம்பி எப்போதோ கழற்றிவிட்டான். சாவி வைத்திருக்கிறவளுக்கு இந்தக் கதவைத் தட்ட வேண்டிய தேவையே வந்ததில்லை.

சொல்லாமல் விட்டால் அவனுக்கு ஒரு நல்ல படம் மிஞ்சும். அது மட்டும்தான் மிஞ்சும். அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினாள்: ‘இந்தப் படத்துக்கு எழுதினது நான்.’

தம்பி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவள் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: ‘தப்பா எழுதிட்டேன். கடைசியில கதவு தட்டற சத்தம் இருக்கு.’

அவன் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். “அப்ப யாரோ வந்திருக்காங்களா?”

அவள் தலையாட்டினாள். கையோடு அடுத்ததையும் எழுதிவிட்டாள். நிறுத்தினால் எழுத வராது என்று தெரியும். ‘ஸ்பேனரும் வந்தான். நாலு தடவை. தட்டிட்டுப் போயிருக்கான். ரெண்டு மாசம் முன்னாடி என்கிட்ட சொன்னான்.’

தம்பி அதை வாசித்து முடிக்க வெகுநேரம் ஆனது. “ரெண்டு மாசமா?” என்றான். அவன் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. அவள் ‘களைப்பு’ என்று எழுதினாள். அது பதிலில்லை என்று பட்டதும், அவன் பார்க்கும் முன்னாலேயே விரலால் அழித்தாள். அவன் கத்தியிருந்தால் தேவலை.

பிறகு அவள் கைப்பேசியை எடுத்து, ஸ்பேனரின் எண்ணை அவனுக்குக் காட்டி, பலகையில் எழுதினாள்: ‘காது விஷயத்தைச் சொல்லட்டுமா?’

ஊரிலேயே அந்த ஒருத்தனிடம்தான் அவன் அதை அதிகம் மறைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையையே பார்த்தான். அவள் அவசரப்படுத்தவில்லை.

“சொல்லு,” என்றான். “முதுகுக்கு ஒண்ணும் இல்லன்னும் சொல்லிடு.”

அவள் சொன்னாள். ஸ்பேனர், அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அதை அவள் பலகையில் எழுதிக் காட்டினாள்.

தம்பி சோபாவை விட்டு எழுந்தான். வாசற்கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் செருப்பை அடியில் சொருகினான். நாற்காலியை இழுத்துப் படிக்கட்டைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தான்.

“அந்தப் படத்துக்கு ஒண்ணுன்னு போட்டுக்கோ,” என்றான்.