அபுதாபியில் ஒரே ஒரு பிரெஞ்சு ஓட்டு

1979 மே மாதம். அபுதாபி வெயிலில் எங்கள் கேம்ப் தகரக் கூரைமேல் காக்கா உட்கார்ந்தால் வறுவலாகத்தான் கீழே இறங்கும். நான் டைம்கீப்பர். என் ரூம்காரன் பன்னீர்செல்வம் காரைக்கால் வெல்டர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் இவன் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆனாலும் லீவு கேட்டால் கம்பெனியின் பிரெஞ்சு மேனேஜர் எங்களுக்குச் சொல்வதையேதான் இவனுக்கும் சொல்வார்: "செப்டம்பர்." ஊரில் மனைவி வடிவுக்கு டாக்டரம்மா குறித்த தேதியோ ஜூன் பத்து. முதல் குழந்தை.

ஒரு வெள்ளிக்கிழமை, மொர்வான் என்ற பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தார். ஐரோப்பா மொத்தத்துக்கும் சேர்த்து முதல் தடவையாகத் தேர்தலாம். பிரெஞ்சு இன்ஜினியர்கள் அத்தனை பேரும் கடலில் குளிக்கப் போயிருந்தார்கள். மிஞ்சிய ஒரே வாக்காளன், லுங்கியோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பன்னீர்.

மேனேஜர் பின்னாலேயே வர, மனிதர் எங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மூன்று கிளாஸ் டீயில் முழு வாழ்க்கையையும் சொன்னார்.

"இவரோட அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்துல வேலையாம்ண்ணே. சண்டையில ஜெர்மன்காரன் இவரைப் புடிச்சு ஜெயில்ல போட்டானாம். அப்புறம் மேயராம், மந்திரியாம், அதுக்கப்புறம் நாலு தடவ தோல்வியாம்," என்று எங்களுக்குத் தமிழில் சொன்னான் பன்னீர்.

"டெபாசிட்?" என்றார் எங்கள் சமையல்காரர் கார்மேகம்.

"அவர்கிட்டயே கேக்கவாண்ணே?"

"சும்மா இருடா. மேல சொல்லு," என்றேன் நான்.

"இப்ப அந்த ஜெர்மன்காரனோடயே ஒரே குடும்பமா இருக்கணுங்கிறாரு. மொத்தம் ஒம்பது நாடு. தொழிலாளி எங்க வேணா போவலாமாம், யாரும் தடுக்கக் கூடாதாம்."

சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கீழே வைத்தான். கண்ணில் தண்ணீர். பிரெஞ்சில் ஏதோ கேட்டான். மேனேஜர் முகம் செங்கல் சூளையானது.

"என்னடா கேட்ட?" என்றேன்.

"ஒம்பது நாட்டைத் தாண்டலாம், நான் இந்த கேம்ப் கேட்டைத் தாண்டக் கூடாதான்னு கேட்டேண்ணே."

மொர்வான் எழுந்து முழங்கினார் பாருங்கள், பாரிஸ் வரை கேட்டிருக்கும். பத்தாவது நிமிடம் மேனேஜர் என் முதுகையே மேஜையாக்கிக் கையெழுத்துப் போட்டார். ஜூன் எட்டு முதல் லீவு.

மொர்வான் பன்னீரைக் கட்டிக்கொண்டார். ஓட்டுப்போடும் நாள் ஜூன் பத்து, மறந்துவிடாதே என்றார்.

பன்னீர் தலையைச் சொறிந்தான். என் ஓட்டு இங்கே அபுதாபியில்தானே, பத்தாம் தேதி காரைக்காலில் அல்லவா இருப்பேன் என்றான்.

மேனேஜர் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார். எட்டைப் பன்னிரண்டாக்கிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். மொர்வான் காகிதத்தைப் பிடுங்கி, பன்னீர் கையில் திணித்து, விரல்களை மூடினார். பிறகு கார்மேகத்திடம் நாலாவது டீக்குக் கிளாஸை நீட்டினார்.

"அஞ்சாவது தோல்வி," என்றார் கார்மேகம், சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டபடி.

வடிவுக்குச் சரியாகப் பத்தாம் தேதி பெண் குழந்தை. ஐரோப்பா இன்னும் முழுசாக ஒன்று சேரவில்லை என்று பேப்பரில் எழுதுகிறார்கள். சேருமா? ஒரு ஓட்டு குறைகிறதே!