முட்டை வாங்கறதுக்கும் படிச்சிருக்கணும்

"கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலே பத்து மார்க் விழும்மா," ன்னாரு ஆடிட்டர். "நீ எப்படி ஒண்ணுகூட வாங்கல?"

மாட்டிக்கிட்டோம்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. பதினெட்டு வயசுகூட இன்னும் முடியல, அதுக்குள்ள ஒரு டிபார்ட்மென்ட்டையே இழுத்து மூடப் போற ஆளா ஆயிட்டோமே!

கொஞ்சம் முன்னாடி இதே கதவு வழியா ராணி மாதிரி நுழைஞ்சவ அவ. அக்கவுண்டன்சி மிஸ்ஸே அவ காலரை நேரா இழுத்துவிட்டு, "பயப்படாம பேசுடி. ரிப்போர்ட்டுல உன்னைத்தான் முதல் பக்கத்துல போட்டிருக்கேன்" ன்னு முதுகுல தட்டி உள்ள அனுப்பினாங்க.

முதல் பக்கத்துல வர அளவுக்கு அவ என்ன கிழிச்சான்னு கேட்டா, அது ஒரு வருஷத்துக் கதை. அந்தக் காலேஜ்ல அக்கவுண்டன்சி சேர்ற எல்லாருக்கும் முதல் நாளே ஒரு டெஸ்ட் வைப்பாங்க. நாப்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை, சரியானதை டிக் அடிக்கணும். வருஷக் கடைசியில அதே நாப்பதை முன்னப்பின்ன மாத்திப் போட்டு இன்னொரு டெஸ்ட். கடைசி மார்க்கிலிருந்து முதல் மார்க்கைக் கழிச்சா மிச்சம் வர்றதுதான் காலேஜ் சொல்லிக் கொடுத்த படிப்பு. முதல் நாள் இவ வாங்கினது பெரிய முட்டை, பூஜ்யம். அன்னிலேர்ந்து வகுப்புல அவளுக்குப் பேரே முட்டைதான். கடைசியில வாங்கினதோ முப்பத்தெட்டு. காலேஜ்லயே இந்த அளவுக்கு 'வளர்ந்த' ஆள் வேற யாரும் இல்ல.

அந்த வளர்ச்சியைப் பாக்கத்தான் வெளியிலேர்ந்து மூணு பேர் வந்து உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் லேப்டாப்பை விட்டு முகத்தையே எடுக்கல. இன்னொருத்தர் பிஸ்கட் தட்டை விட்டுக் கையை எடுக்கல. கேள்வி கேட்டதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கயித்துல தொங்கவிட்டிருந்த ஆடிட்டர்தான். இந்த வருஷத்துலேர்ந்து சராசரியா பதினஞ்சு மார்க்காவது வளர்ச்சி இருக்கணும், இல்லேன்னா அடுத்த வருஷம் இந்தப் படிப்புக்குப் புதுசா ஆள் சேர்க்க முடியாது. ஆள் சேர்க்கலேன்னா, வருஷா வருஷம் கையெழுத்து வாங்கி வேலைல வச்சிருக்கற மிஸ்ஸுக்கும் வேலை கிடையாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லல. ஆனா காலேஜ் வாட்ச்மேனுக்குக்கூட தெரியும்.

"பதில் சொல்லும்மா," ன்னாரு ஆடிட்டர். "நாலுல ஒண்ணு தற்செயலாவே சரியாப் போகும். நாப்பதுக்கும் தப்பு வரணும்னா நாப்பதுக்கும் சரி எதுன்னு தெரிஞ்சிருக்கணும். வேணும்னே தப்பாப் போட்டியா?"

"ஆமா சார்." அவ குரல் அவளுக்கே கேக்கல.

"யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?"

கரெக்டா அந்த நேரம் பார்த்து டீ தட்டோட உள்ள வந்தா அக்கா. அவ கூடப் பொறந்த அக்காதான், அதே காலேஜ்ல கடைசி வருஷம், அன்னிக்கு வந்தவங்களைக் கவனிக்கற பொறுப்பு அவளுக்கு. காலேஜ் தொறக்கறதுக்கு முன்னாடி காதுல ஓதினதும் இவளேதான். "முதல் நாள் டெஸ்ட்டுல உன் புத்திசாலித்தனத்தை எல்லாம் காட்டித் தொலைக்காதடி. எங்க பேட்ச்ல நல்லா எழுதிட்டு, கடைசியில வளரவே இல்லன்னு வாங்கிக் கட்டிக்கிட்டோம். கம்மியா வாங்கு. அப்புறம் எவ்வளவு வாங்கினாலும் லாபம்." தங்கச்சிக்கு மட்டும் இல்ல, புதுசா வந்த மொத்தக் கூட்டத்தையும் மாடிப்படியில நிறுத்தி வச்சு சீனியருங்க எல்லாம் சொன்னதும் இதுதான்.

இப்போ அக்கா கையில கப்பும் சாஸரும் கடகடன்னு தனியாப் பேசிக்க ஆரம்பிச்சுது.

முட்டை அக்காவைத் திரும்பிக்கூடப் பாக்கல. "வகுப்புல அப்படி ஒரு பேச்சு இருந்துச்சு சார். யாருன்னு ஒருத்தரைச் சொல்ல முடியாது."

"சரி. அப்போ நீ மட்டும் இல்ல, மொத்த வகுப்பும்." ஆடிட்டர் ஃபைலை மூடினாரு. அந்த 'டப்' சத்தம் ரூம் முழுக்கக் கேட்டுச்சு. "இதுல இருக்கற ஒரு நம்பரையும் நம்ப முடியாதும்மா."

கூடவே உள்ள வந்து பீரோ ஓரமா நின்னிருந்த மிஸ் பதறிப்போய் முன்னால வந்தாங்க. "சார், சத்தியமா எனக்கு இது தெரியாது…"

"தெரியாதுங்கறது இன்னும் மோசம்."

மிஸ் அவளைத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. மிஸ் திட்டல. ஒருதரம் பாத்தாங்க, அவ்வளவுதான். சாயங்காலம் எல்லாரும் பஸ் பிடிக்க ஓடினப்புறமும், போர்டுல பற்று ஒரு பக்கம் வரவு ஒரு பக்கம்னு கோடு போட்டுக்கிட்டு நின்ன மிஸ். "புரியலைன்னா சொல்லுங்கடா, நான் எங்கயும் போகப் போறதில்ல" ன்னு சொன்ன மிஸ். இப்போ போகப் போறாங்க, அதுவும் இவளோட முட்டையால.

"சார், அது ஓப்பனிங் ஸ்டாக் சார்!"

எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவளுக்கே தெரியல. கத்திட்டா. பிஸ்கட்காரர் கை பாதி வழியில நின்னுச்சு.

"என்னது?"

"ஆரம்பச் சரக்கு இருப்பு சார். ஒரு கடையில வருஷ ஆரம்பத்துல இருந்த சரக்கைக் கம்மியாக் காட்டினா, வருஷக் கடைசியில லாபம் பெருசாத் தெரியும். நாங்க செஞ்சது அதுதான். ஆனா அதுக்காக அந்தக் கடையில வியாபாரமே நடக்கலன்னு யாராவது சொல்லுவாங்களா? ஆரம்ப இருப்பைத் திருத்தி எழுதிட்டு, லாபம் எவ்வளவுன்னு திரும்பப் போட்டுப் பாப்பாங்கல்ல?"

ஆடிட்டர் கண்ணாடியை எடுத்து மூக்குல மாட்டிக்கிட்டாரு. "திருத்தணும்னா சரக்கைத் திரும்ப எண்ணணும். போன வருஷத்து முதல் நாளை எங்க போய் எண்ணுவே?"

அங்கதான் அவ சறுக்கினா. அக்கா டீயை மேஜைல வச்சுட்டு, காலித் தட்டை மார்போட அணைச்சுக்கிட்டா. அப்போ கதவுக்கு வெளியில யாரோ பெருசா கொட்டாவி விட்டாங்க. அது தூங்குமூஞ்சி. வகுப்புல எந்தப் பெஞ்ச்ல உக்காந்தாலும் தூங்கிடுவான், நின்னாலும் சாஞ்சு தூங்குவான். அந்தக் கொட்டாவியைக் கேட்டதும் அவளுக்கு மண்டையில பளிச்சுன்னு அடிச்சுது.

"சார், அவனைக் கூப்பிடுங்க!"

தூங்குமூஞ்சி தலையைச் சொறிஞ்சுக்கிட்டே உள்ள வந்தான். மூணு பேரையும் பாத்து மூணு வணக்கம் போட்டான்.

"டேய், முதல் நாள் டெஸ்ட்டுல எவ்வளவுடா வாங்கின?"

"பதினொண்ணு."

"ஏன்டா பதினொண்ணு வாங்கின? சீனியர் சொன்னது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு!" அவனுக்கு ரோஷம் வந்துடுச்சு. "எல்லாத்தையும் தப்பாப் போட உயிரைக் குடுத்தேன் சார். எது சரின்னு தெரிஞ்சாத்தானே அதை விட்டுட்டு வேற போடறதுக்கு? எது தப்புன்னு நெனச்சுப் போட்டேனோ அதெல்லாம் சரியாப் போய்த் தொலைச்சுது. தப்புப் பண்ணக்கூடத் துப்பில்லன்னு அன்னிக்கே இவ சிரிச்சா."

லேப்டாப்காரர் முதல் தடவையா தலையைத் தூக்கினாரு. சிரிப்பை அடக்கினதுல அவருக்குத் தோள் குலுங்குச்சு.

"பாத்தீங்களா சார்?" முட்டைக்கு இப்போ பயம் எங்க போச்சுன்னே தெரியல. "பொய் சொல்லவும் பாடம் தெரிஞ்சிருக்கணும். பள்ளிக்கூடத்துல காமர்ஸ் படிச்சிட்டு வந்தவங்க, என்னை மாதிரி அம்மா கணக்கு எழுதற வேலை பாக்கறதால வீட்டுலேயே கத்துக்கிட்டவங்க, எங்களால மட்டும்தான் முட்டை வாங்க முடியும். ஒண்ணும் தெரியாம வந்தவங்க என்னதான் நடிச்சாலும் பத்துக்குப் பக்கத்துலதான் வந்திருப்பாங்க. அந்தப் பத்து உண்மையான பத்து. ரொம்பக் கம்மியா வாங்கினவங்களைத் தூக்கி ஓரமா வைங்க. மிச்சம் இருக்கறவங்களுக்கு மட்டும் கணக்குப் போடுங்க."

"ரொம்பக் கம்மின்னா?"

"ஆறுக்குக் கீழ."

"பாதி தெரிஞ்சவன் நடிச்சிருந்தா?"

"அவனும் அஞ்சு கிட்டத்தான் சார் வருவான். தெரிஞ்ச பாதியில தப்பாப் போடுவான், தெரியாத பாதியில நாலுக்கு ஒண்ணு தானா விழும். ஏழு, எட்டு வாங்கினவங்களையும் கழிக்கணும்னா கழிச்சுக்கங்க. எங்களுக்குப் பயமில்ல."

'எங்களுக்குப் பயமில்ல' ன்னு அவ சொன்னதைக் கேட்டு அக்கா அசந்து போய் வாயைப் பொளந்தா. வீட்டுல பல்லியைப் பாத்தா கட்டில் மேல ஏறி நிக்கறவ இவ.

ஆடிட்டர் மிஸ்ஸைப் பாத்து, "முதல் நாள் தாளெல்லாம் இருக்கா?" ன்னாரு. மிஸ் அவசரத்துல பீரோ பூட்டுல வேற வேற சாவியாப் போட்டுப் பாத்தாங்க. அக்கா போய் வாங்கித் தொறந்தா. கட்டைப் பிரிச்சு மேஜை மேல பரப்பினாங்க. முட்டை ஒரு பக்கம், தூங்குமூஞ்சி ஒரு பக்கம், நடுவுல டீ கப்பெல்லாம் ஜன்னல் ஓரத்துக்கு ஓடுச்சு. பிஸ்கட்காரரே தட்டைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு.

ஆறுக்குக் கீழ ஏழே ஏழு தாள். மிச்சம் நாப்பத்து மூணு தாளும் பத்தைச் சுத்தியே வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. ஆடிட்டர் யாரையும் நம்பல, தன்னோட சொந்தக் கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொண்ணாத் தட்டினாரு. ஒருதரம் தட்டி முடிச்சு, திரும்ப முதல்லேர்ந்து தட்டினாரு. கதவு இடுக்குல வகுப்பே தலைக்கு மேல தலையா அடுக்கி நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"முதல் நாள் சராசரி பத்து," ன்னாரு. "கடைசியில இருபத்தொம்போது."

"பத்தொம்போது!" ன்னு வெளியிலேர்ந்து யாரோ கழிச்சுச் சொன்னாங்க.

"ரிப்போர்ட்டுல இருபத்தொண்ணுன்னு இருக்கு. அது தப்பு. பத்தொம்போதுதான் சரி." ஆடிட்டர் மிஸ் பக்கம் திரும்பினாரு. "நாங்க கேட்டது பதினஞ்சு. ஒண்ணும் தெரியாம வந்த நாப்பத்து மூணு பேருக்கு இவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கீங்க. நடந்ததையும் சேர்த்துத் திருத்தி எழுதிக் குடுங்கம்மா, கையெழுத்துப் போடறேன். அடுத்த வருஷம் ஆள் சேருங்க. முதல் நாள் டெஸ்ட்டை மட்டும் மாத்துங்க."

மிஸ் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாங்க. வெளியில எழும்பின சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. தூங்குமூஞ்சியைத் தோள்ல தூக்கிட்டாங்க. "நேர்மையான பதினொண்ணு! நேர்மையான பதினொண்ணு!" ன்னு வராண்டா பூரா ஊர்வலம். பதினொண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணுக்கு வந்தவன் அவன். அன்னிக்கு முழுக்க அவன் தூங்கவே இல்லன்னு அப்புறம் பேச்சு. அக்கா ஓடி வந்து தங்கச்சியைக் கட்டிக்கிட்டு, காதுல மட்டும், "என்னைக் காட்டிக் குடுக்கல பாரு, இனிமே என் சைக்கிள் உனக்குத்தான்டி" ன்னா.

வந்தவங்க கிளம்பினப்புறம் மிஸ் புது ரிப்போர்ட் எழுத உக்காந்தாங்க. நாப்பத்து மூணு பேருக்கும் மளமளன்னு எழுதிட்டாங்க. ஓரமா வச்ச ஏழு தாள்ல மேலாப்பல இருந்தது இவளோடது. அங்க பேனா நின்னுச்சு.

"உனக்கு என்னடி போடறது? வரும்போது நாப்பதும் தெரியும். போகும்போது முப்பத்தெட்டு."

"மைனஸ் ரெண்டு!" ன்னான் வாசல்ல நின்ன தூங்குமூஞ்சி. "இவ்வளவு ஃபீஸ் கட்டி ரெண்டை மறந்திருக்கா மிஸ்!"

எல்லாரும் சிரிச்சாங்க. முட்டையும் சிரிச்சா. அப்புறம் அவசரமா, "இல்ல மிஸ், அந்த ஓப்பனிங் ஸ்டாக், அது நீங்க நடத்தினதுதானே…" ன்னா.

மிஸ் முதல் நாள் தாளைத் திருப்பி ஒன்பதாவது கேள்வியில விரலை வச்சாங்க. ஆரம்ப இருப்பைக் குறைச்சுக் காட்டினா லாபம் என்ன ஆகும்? அதையும் எவ்வளவு தெளிவாத் தப்பாப் போட்டிருந்தா!

மிஸ் சிரிப்பு மெதுவா அடங்குச்சு. கோவம் இல்ல, கிண்டல் இல்ல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கற முகம். பேனா இன்னும் அந்தக் காலிக் கட்டத்துக்கு மேலேயே நின்னுச்சு.

"நீயே சொல்லுடி. இந்த ஒரு வருஷத்துல, உனக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?"