சொந்தக்காரப் பிள்ளை

ஆப்ரின் கோலாலம்பூரில் சட்டம் படிக்கப் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பெற்றவளையே கூண்டில் ஏற்றிவிட்டாள். லீவில் வீட்டுக்கு வந்த மறுநாளே அது நடந்தது. குளுவாங்கில் இருந்த அவர்கள் சாப்பாட்டுக் கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்து, ரசியா அப்போதுதான் ஒரு வாய் டீ குடிக்க உட்கார்ந்திருந்தாள்.

"வேலைக்கு இருக்கிற ஜைத்தோட பாஸ்போர்ட் ஏன் உம்மா உங்க பீரோவுல இருக்கு? இதுக்குப் பேருதான் சுரண்டல்."

"வாயக் கழுவுடி. அவன் நம்ம ஊர்ச் சொந்தக்காரப் புள்ள லா. தொலைச்சிடுவான்னு வாப்பா வாங்கி வச்சாங்க. நாம திங்கிற சோத்தத்தான் அவனும் திங்கிறான்."

"அவனுக்கு லீவு உண்டா?"

"வீட்டுப் புள்ளைக்கு என்ன லீவு?"

ஆப்ரின் தன் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதுதான் ரசியாவுக்குச் சுருக்கென்றது.

சுரண்டல் என்ற அந்தச் சொல் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நார் போல நாளெல்லாம் உறுத்தியது. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டாள். ஜைத்துக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தாளே, பெருநாளைக்குப் புதுச்சட்டை எடுத்தாளே, அதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்தில் வரும்? ஊரில் அவன் மனைவிக்கு இது பேறுமாதம். போன மாதமே லீவு கேட்டான். "வரப்போற நோன்பு வியாபாரம் முடியட்டும்டா" என்று அவள் கணவர் ருக்னுதீன் அவன் தோளில் தட்டினார். "சரி மாமா" என்று அடுப்படிக்குத் திரும்பிவிட்டான். அவன் போய்விட்டால் அடுப்படி மொத்தமும் தன் தலையில்தான் விடியும் என்று ரசியாவும் வாயைத் திறக்கவில்லை.

மாலையில் பொறுக்க மாட்டாமல், பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் முன் போய் நின்றாள்.

"ஜைத், நாங்க உன்ன எப்படி வச்சிருக்கோம்? மறைக்காமச் சொல்லு."

அவன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க மாமி."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"வேற கடையா இருந்தா சண்ட போட்டாவது பாஸ்போர்ட்ட வாங்கிட்டு ஊருக்குப் போயிருப்பேன். மாமின்னு கூப்பிட்ட வாயால எப்படிச் சண்ட போடுறது?"

"ஜைத், டீ போடு!" முன்னாலிருந்து ருக்னுதீன் குரல் வந்தது. "இந்தா வர்றேன் மாமா" என்று அவன் ஓடினான்.

ரசியா மாடிக்குப் போய் பீரோவைத் திறந்தாள். வெட்கமாக இருந்தது. பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்து, வாடிக்கையாளர்கள் பார்க்க, டீ மேடைக்கு எதிரே நின்று ஜைத்திடம் நீட்டினாள். கல்லாவில் இருந்த ருக்னுதீன் தலை நிமிர்ந்தார்.

ஜைத்தின் இரண்டு கையிலும் குவளை. டீ மேலிருந்து கீழே நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மாமாவைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான். கீழ்க் குவளை நிரம்பி வழிந்தது.