பார்டருக்கு இரண்டு சாட்சி

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று, போன வருடம் புரை எடுத்த என் இடது கண்மீது சத்தியம் செய்கிறேன். வலது கண்ணை இதில் இழுக்க வேண்டாம். அதற்கு இன்னும் சரியாகத் தெரியாது.

வாலிபத்தில் நான் ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். மாடியில் ஒரே ஹால், நீள மேசை, மரப்பெட்டி நிறையச் சீட்டுகள். சீட்டு பறந்துவிடும் என்பதால் மின்விசிறி போடக்கூடாது. தலைமைப் பதிப்பாசிரியருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் பேசிவிட்டால் அதற்குமேல் பேச யாருக்கும் எதுவும் மிச்சமிருக்காது. அவர் வைத்திருந்த விதி இது: ஒரு சொல்லுக்கு என்ன பொருள் எழுதினாலும், இரண்டு ஊழியர்கள் நேரில் போய், அந்தச் சொல் ஒருவர் வாயிலிருந்து வருவதைக் காதால் கேட்டு, சீட்டின் அடியில் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவார்.

எனக்கு வந்த சொல் 'பார்டர்'. கூடவே சாட்சிக்கு வந்தவள் கத்தரி. சீட்டுகளை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. தப்பு என்று பட்டால் முற்றுப்புள்ளி எழுதியதையே வெட்டிவிடுவாள். அதனால் அந்தப் பெயர்.

"இந்தச் சொல்லை முடிச்சதும் நீ கிளை ஆபீசுக்குக் கிளம்பணும்மா. அங்க இங்கிலீஷ் 'சி' எழுத்து ஆரம்பிக்குது" என்றார் முற்றுப்புள்ளி.

கிளை அலுவலகம் ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போகிற தூரம். அதுவரை கத்தரியிடம் நான் பேசியதெல்லாம் 'பசை எங்கே' என்ற ஒன்றுதான். ஆனாலும் இந்தச் சொல்லை முடிக்கவே கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

முதலில் துணிக்கடை. கடைக்காரர் எங்கள் முன்னால் ஒரு மலையளவு புடவையைப் பிரித்துப் போட்டார்.

"எதை எடுத்து வைக்கட்டும்?"

"ஒண்ணும் வேணாங்க. பார்டரைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்" என்றாள் கத்தரி.

"பார்டர் தனியா கிடைக்காதும்மா. உடம்பும் சேர்த்துதான் வரும்" என்று அவர் ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்னும் மடித்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு பள்ளிக்கூடம்: பார்டரில் பாஸான பையனின் வாத்தியார். பிறகு பூங்கா: பாதையோரம் பார்டர் செடி வெட்டும் தோட்டக்காரர். பிறகு அச்சகம். அங்கே அச்சுக்கோப்பவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "பூ பார்டரா, கறுப்பு பார்டரா? நல்லதா கெட்டதான்னு முதல்ல சொல்லுங்க."

"இன்னும் தெரியல" என்றாள் கத்தரி. எனக்குக் காது சூடானது.

நாட்டின் எல்லைக்கே போனோம். அங்கே கோட்டுக்குக் குறுக்கே ஒரு நாய் படுத்திருந்தது. அதைத் தாண்டிப் போக முடியாமல் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன.

"எழுப்பக் கூடாதா?" என்று காவலரிடம் கேட்டேன்.

"வால்தான் சார் நம்ம பக்கம். காது அந்தப் பக்கம். கூப்பிடறதுன்னா அவங்கதான் கூப்பிடணும். பார்டர்னா பார்டர்தான்."

"அவங்க கூப்பிட மாட்டாங்களா?"

"எப்படிக் கூப்பிடுவாங்க? குரைக்கிறது அங்க, வாலாட்டறது இங்க. கோவத்துல இருக்காங்க."

திரும்பும் பஸ்ஸில் கத்தரி தூங்கிவிட்டாள். அவள் தலை சாய்ந்து சாய்ந்து வந்து என் தோளுக்கு விரலளவு முன்னால் நின்றுபோனது. நான் மூச்சை இழுத்துப் பிடித்தவன் நாலு ஊர் தாண்டித்தான் விட்டேன். இதற்கும் சத்தியம் அதே கண்மீதுதான்.

ஒரு கட்டத்தில் பொருள்கள் தீர்ந்துபோயின. வாழைப்பழக்காரரை மடக்கி, "அண்ணே, இந்தத் தோலோட ஓரத்தை பார்டர்னு சொல்லுவீங்கதானே?" என்றேன். அவர் பாவம், தலையாட்டினார். கத்தரி சீட்டை வாங்கி நாலாக வெட்டினாள்.

"வாய்ல திணிச்சு வாங்கினா அது சாட்சியா சார்?"

"பொருள் தீர்ந்துட்டா நாளைக்கு இந்தச் சொல்லை முடிச்சுடுவாங்களே" என்றேன்.

வெட்டிய துண்டுகளைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை என் இடத்தில் ஒரு சீட்டு இருந்தது. அவள் கையெழுத்து. 'பார்டர்: ஒரே மேசையில் சாப்பிடும் இருவரின் டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே உள்ள இடம். நாளாக ஆகக் குறையும்.' முதல் சாட்சியின் கையெழுத்தும் போட்டிருந்தது.

தப்பாக விழுந்த ஒரு கமாவைக்கூடப் பொறுக்காதவள். சீட்டோடு அவளிடம் போனேன்.

"இதை எங்க கேட்டோம்?"

"கூடத்தானே இருந்தீங்க?" சீட்டுக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேட்கலைன்னா போடாதீங்க. நான் பஸ்ஸுக்கு சொல்லி வச்சுடறேன்."

போட்டேன். பேனா முள் வளைந்தது.

முற்றுப்புள்ளி சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "யாரு சொன்னது இது?"

"துணிக்கடைக்காரர்" என்றேன் நான். "அந்தக் காவலர்" என்றாள் அவள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

அவர் எங்கள் மேசையைப் பார்த்தார். தொடக்கத்தில் அதன் இரண்டு முனைகளில் இருந்த டிபன் பாக்ஸ்கள் இரண்டும் இப்போது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன.

"ஒரே வீட்டுக்காரங்க ஆயிட்டா ரெண்டு பேரும் ஒரு சீட்டுல சாட்சி போட முடியாது. விதி அது. தெரியும்ல?"

"தெரியும் ஐயா" என்றாள் கத்தரி.

"அப்ப இது கடைசிச் சீட்டு." அதைப் பெட்டியில் போட்டு மூடினார். "கிளைக்கு வேற ஆளைப் பார்க்கறேன்."

கத்தரி பசை டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் கேட்கவில்லை.

அந்த அகராதி ஒரே ஒரு பாகம்தான் அச்சேறியது, அதுவும் 'ஏ' எழுத்தோடு நின்றுபோனது; எங்கள் 'பி' வரவேயில்லை.